கறுவா கொடுத்து வாங்கிய வெடி

தீபாவளிக்கு முதல்நாள் மாலை வெள்ளவத்தைக் கடைவீதியிலே கூட்டத்திற்குக் குறைவிராது. அப்படியொரு மாலையில் எங்கள் அயல்வீட்டுச் சிறுவன் தன் தந்தையை விடாது வற்புறுத்தி ஒரு விளையாட்டுத் துவக்கு வாங்கிக்கொண்டான். தகரத்தாற் செய்து வெள்ளிபோல மினுக்கிய துவக்கு அது. அதனோடு, சிவப்புக் காகிதச் சுருளிலே புள்ளி புள்ளியாக மருந்து வைத்த வெடிகள் இரண்டு பெட்டியும் வாங்கப்பட்டன. மறுநாட் காலை, தலைமுழுகிப் புத்தாடை உடுத்து, வாசலில் நின்று அவன் விசையை இழுத்தான். தகரம் தகரத்தில் மோதும் ஓசை கேட்டதேயன்றி வெடி வெடிக்கவில்லை. ஐப்பசி மழையின் ஈரம் சுருளிலே ஏறிவிட்டது. முகம் வாடிய சிறுவன் துவக்கைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்து, "சேர், கடைக்காரர் எங்களை ஏமாத்திப் போட்டார். இது பழுதான துவக்கு" என்றான். நான் அதை வாங்கிப் பார்த்து, "துவக்கிலே ஒரு பழுதும் இல்லைத் தம்பி, மருந்துதான் ஈரம்" என்றேன். அவன் சிறிது யோசித்துவிட்டு, "அப்படியெண்டால் நாங்கள் காசு குடுத்து வாங்கினது என்ன?" என்று கேட்டான்.

நேயர்களே, சிறுபிள்ளையின் கேள்விதான் அது. ஆயினும் இந்நாட்டு மன்னர் பலரும், அவர்களை ஏமாற்றிய அந்நியர் சிலருங்கூட, தத்தம் காலத்திலே கேட்டிருக்கவேண்டிய கேள்வியும் அதுவே. பெரும்பொருள் கொடுத்து வெடிக்கருவியின் பலத்தை வாங்கி, வாங்கியபின் கைப்பிசைந்து நின்றோரின் கதைகள் நமது கொழும்பு நகரைச் சுற்றியே நிகழ்ந்திருக்கின்றன. அவற்றுட் சிலவற்றை இன்று நினைவுகூர்வோம்.

முதலிற் சொற்களை நோக்குவோம். ஈழத்துத் தமிழர் 'துவக்கு' என்கின்றனர்; தமிழகத்தார் 'துப்பாக்கி' என்கின்றனர்; சிங்கள மக்கள் 'துவக்குவ' என்கின்றனர். மூன்றுக்கும் மூலம் ஒரு துருக்கிச் சொல். 'பீரங்கி' என்பதோ ஐரோப்பியரைக் குறிக்க வழங்கிய 'பிரங்கி' என்னும் பெயரோடு உறவுடையது. நாம் போர்த்துக்கேயரைப் 'பறங்கியர்' என்றதும் அதே வழியில் வந்ததே. வில்லுக்கும் வேலுக்கும் வாளுக்கும் நம் மொழியிலே சொந்தப் பெயர்கள் உண்டு. வெடிக்கருவிகளின் பெயர்களோ கடல் கடந்து வந்தவை. பொருள் எங்கிருந்து வந்ததென்பதைப் பெயரே சொல்லிவிடுகின்றது.

அந்தப் பொருள் தொழிற்படும் முறையையும் சிறிது அறிதல் வேண்டும். 16ஆம் நூற்றாண்டுத் துவக்கு, திரியினாற் பற்றவைக்கப்படுவது. சுடுபவன் குழலின் வாயிலே மருந்தை அளந்து கொட்டி, குண்டை இட்டு, கோலாற் கெட்டித்து, பக்கத்திலுள்ள சிறு கிண்ணத்திலே மென்மருந்தைத் தூவி, புகைந்துகொண்டிருக்கும் திரியை விசையினால் அதன்மீது தாழ்த்துவான். மருந்து என்பது வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றின் சேர்க்கை. வெடியுப்பு ஈரத்தை உறிஞ்சினாலும், திரி மழையில் நனைந்தாலும், கலவையின் அளவு பிசகினாலும் அக்கருவி வெறும் இரும்புத் தடியேயாகும். ஆகவே துவக்கு ஒன்றை வாங்கியவன் அதன் குழலை மட்டுமே வாங்கியவனாவான். மருந்தும் குண்டும் திரியும் பயின்ற கையும் அவனுக்கு வேறாக வேண்டியிருந்தன. அவற்றைத் தருபவன் யாரோ, அவனிடமே உண்மையான பலம் தங்கியிருந்தது.

1505ஆம் ஆண்டளவிலே போர்த்துக்கேயர் கொழும்புக் கரையை அடைந்தனர். அவர்களைக் கண்டோர் கோட்டை நகருக்கு ஓடி, இரும்பு அங்கி அணிந்தோர் வந்துள்ளனர், அவர்கள் கல்லைத் தின்று இரத்தத்தைக் குடிக்கின்றனர், அவர்களுடைய வெடி இடியினும் பெரிதாக முழங்குகின்றது என்று அரசனிடம் கூறியதாக இராசாவலி என்னும் சிங்கள நூல் சொல்கின்றது. கல்லென்று கண்டது பாணை. இரத்தமென்று கண்டது திராட்சை மதுவை. இவ்விரண்டையும் அவர்கள் பிழையாகவே விளங்கிக்கொண்டனர். வெடியின் முழக்கத்தை மட்டும் பிழையின்றிக் கேட்டனர். அன்று தொடங்கி, இந்த முழக்கத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளுதல் எவ்வாறு என்பதே ஒவ்வோர் அரசனுடைய சிந்தனையுமாயிற்று.

1521ஆம் ஆண்டிலே கோட்டை அரசு மூன்று சகோதரர்க்கிடையே பிரிவுண்டது. மூத்தவனாகிய ஏழாம் புவனேகபாகு கோட்டையிலிருந்து ஆண்டான். இளையவனாகிய மாயாதுன்னை சீதாவாக்கையிலிருந்து, அண்ணனின் அரசையும் கைப்பற்ற முயன்றான். தம்பியின் படைக்கு முன் தனித்து நிற்கவியலாத புவனேகபாகு போர்த்துக்கேயரின் துவக்குகளை நாடினான். அதற்கு விலையாக அவன் கொடுத்தது கறுவா. மேலைநாட்டுச் சந்தைகளிலே பெருவிலை பெற்ற அந்தப் பட்டை, கோட்டை அரசின் காடுகளிலே தானாக விளைந்தது. ஆண்டுதோறும் கறுவா கப்பலேறிற்று. மாயாதுன்னை படையெடுத்த போதெல்லாம் கோவையிலிருந்து உதவி வந்தது, அரசனும் பிழைத்தான். வாங்கிய பொருள் வேலைசெய்கின்றது என்றே அவன் எண்ணியிருப்பான்.

தன் பேரன் தர்மபாலனே அடுத்த அரசன் என்பதை உறுதிசெய்துகொள்ள விரும்பி, அச்சிறுவனின் பொன்னுருவத்தை அவன் தூதுவரோடு லிஸ்பன் நகருக்கு அனுப்பினான். போர்த்துக்கல் மன்னன் மூன்றாம் ஜோவான் அவ்வுருவத்திற்கு முடிசூட்டினான். அக்காட்சியைச் செதுக்கிய யானைத்தந்தப் பேழையொன்று ஜெர்மனியின் மியூனிக் நகரிலே இன்றும் பேணப்படுகின்றது. நம் கைவினைஞரின் திறத்தை அதிலே காணலாம். ஓர் அரசன் தன் குலத்தின் பாதுகாப்பை எவ்வளவு தூரத்திலுள்ள கைகளிலே ஒப்படைத்தான் என்பதையும் அதிலேயே காணலாம்.

1551ஆம் ஆண்டு, தம்பியோடு நிகழ்ந்த போரின்போது புவனேகபாகு களனியிலே தங்கியிருந்தான். துணைக்கு வந்த போர்த்துக்கேயப் படையும் அருகே இருந்தது. ஒருநாள் அவன் தன் இருப்பிடத்தின் சாளரத்தினூடாக வெளியே நோக்கி நின்றபோது குண்டொன்று அவன் தலையிற் பாய, மாண்டான். சுட்டவன் மாயாதுன்னையின் வீரனல்லன். துணைக்கு வந்த போர்த்துக்கேயரில் ஒருவன். குறிதவறிப் பட்டது என்றனர் ஒருசாரார்; கூலி பெற்றுச் சுட்டான் என்றனர் மற்றொரு சாரார். எது மெய்யாயினும், முப்பதாண்டுகள் தன்னைக் காக்கவென்று எந்தத் துவக்குகளுக்கு அவன் கறுவா கொடுத்தானோ, அவற்றுள் ஒன்றே அவன் உயிரைக் கொண்டுபோயிற்று.

கதை அத்தோடு முடியவில்லை. அதே ஆண்டிலே போர்த்துக்கேய இராசப் பிரதிநிதி நொரோஞ்ஞா பெரும்படையோடு கொழும்பில் வந்திறங்கினான். நட்பரசனின் மரணத்திற்கு நியாயம் கேட்பதினும், அவனது திரவியத்தைத் தேடுவதிலேயே அவன் முனைந்து நின்றான். கோட்டையின் அரண்மனைக் கருவூலம் சூறையாடப்பட்டது. தர்மபாலன் அந்நியரின் காவலிலே வளர்ந்து, 1565இல் கோட்டை நகரைக் கைவிட்டுக் கொழும்பிற் குடிபுகுந்து, 1580இல் தன் அரசையே போர்த்துக்கல் மன்னனுக்கு உரித்தாக்கிச் சாசனம் எழுதிக்கொடுத்தான். கறுவாவில் தொடங்கிய விலை, ஈற்றில் இராச்சியமாக முடிந்தது.

எதிர்ப்பக்கத்திலே மாயாதுன்னையும் இவ்வழியே சென்றவன்தான். அவன் நாடியது கோழிக்கோட்டுச் சாமூதிரியின் உதவியை. மரைக்காயர்கள் தலைமையிலே கப்பல்களும் வெடிப்படையும் வந்தன. 1538இல், மண்டபத்தை அடுத்த வேதாளைக் கரையிலே சாமூதிரியின் கடற்படையைப் போர்த்துக்கேயர் முறியடித்தனர். அதற்குப் பின்னும் ஒரு சிறு படை மாயாதுன்னையின் துணைக்கு வந்தது. ஆனால் போர்த்துக்கேயர் கை மேலோங்கிய வேளையில், சமாதானத்தின் விலையாக அவர்கள் கேட்டது மரைக்காயத் தலைவர்களின் தலைகளை. மாயாதுன்னை அவற்றைக் கொடுத்தான். முன்னைய கதையிலே வாங்கியவன் ஏமாந்தான். இக்கதையிலே துணைக்கு வந்தவர் ஏமாந்தனர். நம்பிக்கையின்றி நடந்த வாணிகத்தில் நட்டம் எப்பக்கம் சாயும் என்று யாரும் முன்கூட்டி அறிந்திலர்.

இவ்விடத்திலே ஒரு நல்ல செய்தியையும் சொல்லவேண்டும். இரவல் வெடியினால் ஏமாந்த இந்நாடு, வெடிக்கருவி செய்யும் கலையை மிக விரைவிற் கற்றுக்கொண்டது. ஒரு நூற்றாண்டு நிறைவுறுமுன்னரே சிங்களக் கொல்லர் செய்த துவக்குக் குழல்கள் கீழ்த்திசையெங்கும் புகழ் பெற்றன. லின்ஸ்கோட்டன் என்னும் ஒல்லாந்தர், அக்குழல்கள் வெள்ளிபோல ஒளிர்வன என்று வியந்து எழுதியுள்ளார். வெளவால்கள் வாழும் மலைக்குகைகளின் மண்ணிலிருந்து வெடியுப்பைக் காய்ச்சியெடுக்கவும் கண்டி நாட்டார் அறிந்திருந்தனர். இருவர் தூக்கிச் செல்லக்கூடிய 'கொடித்துவக்கு' என்னும் சிறு பீரங்கி, மலைநாட்டு ஒற்றையடிப் பாதைகளுக்கென்றே அமைந்தது. பிற்காலத்து ஆங்கிலேயர் அதன் கால்களைப் பார்த்து வெட்டுக்கிளியோடு ஒப்பிட்டனர்.

மாயாதுன்னையின் மைந்தன் முதலாம் இராசசிங்கன் 1587ஆம் ஆண்டிலே கொழும்பைப் பெரும்படையோடு முற்றுகையிட்டபோது, முன்னையோரைப்போல் இரவல் வெடியை மட்டும் நம்பி வரவில்லை. நகரைக் காத்துநின்ற வாவியின் நீரைக்கூட வாய்க்கால் வெட்டி வடியவைத்தான். ஆயினும் கடல் அவன் கையில் இல்லை. கோவையிலிருந்தும் பிற துறைகளிலிருந்தும் கப்பல்கள் உணவும் மருந்தும் ஆட்களும் கொண்டுவந்தவண்ணமிருந்தன. 1588இன் தொடக்கத்திலே அவன் முற்றுகையை விட்டு மீண்டான். அவனுடைய பீரங்கிகள் அவனை ஏமாற்றவில்லை. நாவாய் இல்லாத குறையே அவனைத் தடுத்தது. அந்தக் குறையை நிரப்பப் புறப்பட்ட மற்றோர் இராசசிங்கனே இவ்வரலாற்றின் மிகப் பெரிய ஏமாற்றத்தை அடைந்தான்.

அக்கதைக்குச் செல்லுமுன், நமது கடலுக்கு அப்பாலும் ஒருமுறை பார்ப்போம். 1452ஆம் ஆண்டளவிலே ஊர்பன் என்னும் ஹங்கேரிய வார்ப்பாளன் கொன்ஸ்தாந்திநோப்பிள் நகரப் பேரரசனிடம் சென்று, பீரங்கி வார்த்துத் தருவதாகக் கூறினான். வறுமையுற்றிருந்த பேரரசனால் அவனுக்குரிய ஊதியத்தைக் கொடுக்க இயலவில்லை. ஊர்பன் துருக்கிய சுல்தான் இரண்டாம் மெகமதிடம் சென்றான். சுல்தான் கேட்டதைக் கொடுத்தான். அவன் வார்த்த பெரும்பீரங்கி ஒரு நாளிலே ஏறக்குறைய ஏழு முறைதான் வெடித்தது. அத்துணை மெதுவாக வேலைசெய்தபோதிலும், ஆயிரம் ஆண்டு நின்ற மதில்கள் உடைந்து 1453 மே 29இல் அந்நகரம் வீழ்ந்தது. வெடியின் திறம் விலைபேசுவோனைப் பின்தொடர்ந்து செல்லும் என்பது அன்றே விளங்கிற்று.

இனி நமது இரண்டாம் இராசசிங்கனிடம் வருவோம். கண்டியை ஆண்ட இவ்வரசன் தரைப்போரிலே தளர்ந்தவனல்லன். 1638 மார்ச் 28இல் கன்னொறுவையிலே போர்த்துக்கேயப் படைத்தலைவன் தியோகு த மெல்லோவை அவன் படையோடு அழித்தவன். ஆயினும் கரையோரக் கோட்டைகளைப் பிடிப்பதற்கு நாவாய்களும் பெரும்பீரங்கிகளும் வேண்டும். அவற்றை உடையோர் ஒல்லாந்தர். ஆகவே கன்னொறுவைப் போருக்கு முன்னரே, 1636இல், அவன் ஓர் அந்தணரிடம் ஓலை கொடுத்துச் சோழமண்டலக் கரைக்கு அனுப்பினான். தூதர் சென்றடைந்த இடம் பழவேற்காடு. அங்கே ஒல்லாந்தருக்குக் கோட்டையும் வெடிமருந்து செய்யும் சாலையும் இருந்தன. வெடி வாங்க விரும்பியவன், மருந்து அரைக்கும் வாசலிலேயே சென்று தட்டினான் எனலாம்.

ஒல்லாந்தர் மகிழ்ச்சியோடு வந்தனர். 1638 மே மாதத்திலே மட்டக்களப்புக் கோட்டை வீழ்ந்தது. அம்மாதம் 23ஆந் தேதி, அரசனுக்கும் ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்டுக்கும் இடையே உடன்படிக்கை எழுதப்பட்டது. போர்ச் செலவு முழுவதையும் அரசன் கறுவா முதலிய விளைபொருள்களாகக் கொடுப்பான். ஒல்லாந்தர் போர்த்துக்கேயரைத் துரத்துவர். யானை நீங்கலாக வாணிகம் முழுவதும் அவர்க்கே உரியதாகும். கைப்பற்றப்படும் கோட்டைகளிலே ஒல்லாந்தப் படை நிறுத்தப்படும் என்றும் ஒரு விதி இருந்தது. அரசன் கையிலிருந்த போர்த்துக்கேய மொழிப் படியிலே, 'அரசர் விரும்பினால்' என்னும் பொருள்பட ஒரு தொடர் அவ்விதியோடு சேர்ந்திருந்தது. ஒல்லாந்தரின் படியிலே அத்தொடர் இல்லை. ஒரு தொடர்தான் வேறுபாடு. அந்தத் தொடரின் மீதே ஓர் இராச்சியத்தின் கடற்கரை முழுவதும் தங்கியிருந்தது.

1639இல் திருகோணமலையும், 1640இல் நீர்கொழும்பும் காலியும் வீழ்ந்தன. காலியை ஒல்லாந்தர் தம் கையிலேயே வைத்துக்கொண்டனர். கேட்டபோது, போர்ச் செலவு இன்னும் தீரவில்லை, கணக்குத் தீரும்வரை கோட்டை ஈடாக இருக்கட்டும் என்றனர். கணக்கை எழுதுபவரும் அவரே. கறுவாவுக்கு விலை வைப்பவரும் அவரே. அத்தகைய கணக்கு என்றாவது தீர்வதுண்டா? அரசன் ஐயுற்றான், மனம் கசந்தான். ஆயினும் கொழும்பிலே போர்த்துக்கேயர் இருக்கும்வரை அவனுக்கு வேறு வழியில்லை.

1655ஆம் ஆண்டின் இறுதியிலே கொழும்பு முற்றுகை தொடங்கிற்று. ஒல்லாந்தத் தளபதி கெரார்ட் ஹுல்ப்ட் கடலிலும் தரையிலும் நகரை வளைத்தான். நவம்பர் 12இல் மதிலேறிப் பிடிக்கச் செய்த முயற்சி பெருஞ்சேதத்தோடு தோல்வியுற்றது. அதன்பின் பீரங்கிகளும் பசியுமே போரை நடத்தின. உள்ளே பஞ்சமும் நோயும் பெருகின. வெளியே இராசசிங்கனின் ஆட்கள் நாட்டுப்புறப் பாதைகளை அடைத்துக்கொண்டு, ஒல்லாந்தரின் படைக்கு வேண்டிய உழைப்பையும் உணவையும் தந்தனர். 1656 ஏப்ரலிலே அரசன் ஹுல்ப்டைத் தன் பாசறையில் வரவேற்றுச் சிறப்புச் செய்தான். சில நாளில், ஏப்ரல் 10இல், அத்தளபதி குண்டடிபட்டு மாண்டான். மே 12ஆந் தேதி கொழும்பு சரணடைந்தது.

நேயர்களே, அந்நாளை மனக்கண்ணாற் காணுங்கள். நகரின் புறத்தே கண்டி நாட்டு வீரர் ஆரவாரத்தோடு காத்து நிற்கின்றனர். நூற்றைம்பது ஆண்டுகளாகத் தம் நாட்டை வாட்டிய அந்நியனின் கொடி இறங்குகின்றது. அதன் இடத்திலே ஏறுவது மற்றோர் அந்நியனின் கொடி. வாயிற் கதவுகள் திறக்கப்படவில்லை. அரசனின் ஆட்கள் உள்ளே நுழையத் தடைசெய்யப்பட்டனர். எந்தப் பீரங்கிகளுக்காக அவன் பதினெட்டு ஆண்டுகள் விலை கொடுத்தானோ, அவற்றை உடையோரே மதிலுக்குள் நின்று அவனை வெளியே நிறுத்தினர். அரசன் கடிதங்கள் எழுதினான்; வாக்கை நினைவூட்டினான். அவர்கள் செலவுக் கணக்கை நினைவூட்டினர். சினங்கொண்ட அவன் உணவுப் பாதைகளை அடைத்தும் பார்த்தான். ஆண்டு முடியுமுன், ஒல்லாந்தர் தம் துவக்குகளை அவன் பாசறையின் மீதே திருப்ப, மலைநாட்டிற்கு மீண்டான்.

'இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கினோம்' என்று ஒரு சிங்களப் பழமொழி உண்டு. போர்த்துக்கேயரைத் துரத்தி ஒல்லாந்தரைக் கொண்டுவந்த செயலைக் குறித்தே அது பெரிதும் எடுத்தாளப்படுகின்றது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துக்கேயரால் இப்பக்கம் வந்தது. நாட்டு இஞ்சியின் காரம் பழகியது. வந்த மிளகாயின் காரமோ நாவைப் பொசுக்கியது. சரித்திர ஆசிரியர் ஓர் அத்தியாயத்திலே விரிப்பதை மக்கள் சமையலறைப் பொருள் இரண்டினாற் சொல்லிவிட்டனர்.

ஏமாற்றியவர் ஏமாறாதிருந்தாரா? ஒல்லாந்தர் ஏறக்குறைய நூற்று நாற்பது ஆண்டுகள் கொழும்பை ஆண்டனர். கொட்டாஞ்சேனை மேட்டிலே 1757இல் திறக்கப்பட்ட வுல்பெண்டால் தேவாலயம் இன்றும் தடித்த சுவர்களோடு நிற்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். என்றும் இங்கேயே இருப்போம் என்று எண்ணியவர் கட்டிய சுவர் அது. ஆனால் அவர்களுடைய கோட்டைகளைக் காத்துநின்றோரிற் பலர் ஒல்லாந்தரல்லர். கூலிக்கு வந்த பிறநாட்டார். அவருட் சிறந்தது சுவிற்சர்லாந்திலே திரட்டப்பட்ட த மூரோன் என்னும் படை. 1781இல் சார்ல்ஸ் தானியல் த மூரோன் என்னும் பிரபு அதனைத் திரட்டி ஒல்லாந்தக் கம்பனிக்கு வாடகைக்கு விட்டான். அப்படை அவனுடைய சொத்து. வீடு வாடகைக்கு விடுவதுபோலப் படை வாடகைக்கு விடப்பட்ட காலம் அது.

1795இல் பிரெஞ்சுப் படைகள் ஒல்லாந்தை விழுங்கின. இலங்கைக் கோட்டைகள் பிரெஞ்சுக்காரர் வசமாகுமோ என்று ஆங்கிலேயர் அஞ்சினர். ஹியூ கிளெக்கோர்ன் என்னும் ஸ்கொத்லாந்துப் பேராசிரியர் ஒருவர், பீரங்கியாற் சாதிக்க நினைப்பதைப் பேரத்தாற் சாதிக்கலாம் என்று யோசனை கூறினார். அவர் நியூஷாத்தெல் நகருக்குச் சென்று, அப்பிரபுவைக் கண்டு, பணமும் பதவியும் பேசி, 1795 மார்ச் 30ஆந் தேதி ஒப்பந்தம் செய்தார். கொழும்பிலே அப்படைக்குத் தலைமை தாங்கியவன் பிரபுவின் தம்பி. பாலாடைக் கட்டி ஒன்றினுள் மறைத்துவைத்த கடிதத்தின் மூலமே அவனுக்குச் செய்தி சேர்ந்தது என்று ஒரு சுவையான கதை வழங்குகின்றது. எவ்வழியாற் சேர்ந்தாலென்ன, அவ்வாண்டு முடியுமுன் அப்படை ஒல்லாந்தர் பக்கத்தைவிட்டு ஆங்கிலேயர் பக்கம் சென்றது. திருகோணமலையும் யாழ்ப்பாணமும் ஏற்கெனவே வீழ்ந்திருந்தன. 1796 பெப்ரவரி நடுப்பகுதியிலே தேசாதிபதி வான் ஆங்கல்பீக் கொழும்பை ஏறக்குறையப் போரின்றியே ஒப்படைத்தான். 1656இல் ஏழு மாதம் போராடிப் பெற்ற நகரம் அது. பீரங்கிகள் மதில்மேல் வரிசையாக இருந்தன, மருந்தும் இருந்தது, அவற்றின் பின்னே நிற்கவேண்டிய கைகளை மற்றொருவன் கூடிய விலைக்கு வாங்கிவிட்டான்.

புவனேகபாகுவும் இராசசிங்கனும் ஒல்லாந்தக் கம்பனியும் ஒருவரையொருவர் ஒவ்வாதவர். மதம் வேறு, மொழி வேறு, காலம் வேறு. ஆயினும் மூவரும் செய்த கொள்வனவு ஒன்றே. மூவரும் பலத்தை வாங்கினோம் என்று எண்ணினர். வாங்கியதோ பிறனொருவனின் பலத்தைச் சிலகாலம் இரவலாகப் பெறும் உரிமையை மட்டுமே. அதன் தவணை முடிந்த நாளை அறிவிக்கும் பொறுப்பும் விற்றவனிடமே இருந்தது.

இறுதியாக ஒரு சிறு பீரங்கியைப் பற்றிச் சொல்லி இப்பேச்சை நிறைவுசெய்கின்றேன். கொழும்பு தேசிய அரும்பொருட்காட்சிச்சாலையிலே, பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் இழைத்த வெண்கலப் பீரங்கியொன்று இருக்கின்றது. கண்டி அரசனுக்கு லேவுக திசாவை காணிக்கையாக அளித்தது என்று அது அறியப்படுகின்றது. 1765இல், கீர்த்திசிறீ இராசசிங்கன் காலத்திலே, ஒல்லாந்தப் படை கண்டி நகருட் புகுந்து கொள்ளையிட்டபோது அதுவும் கொண்டுபோகப்பட்டு, பின்னர் ஆம்ஸ்டர்டாம் நகரின் பெரும் அரும்பொருட்சாலையிலே வைக்கப்பட்டது. எத்தனை மாணிக்கம் இழைத்திருந்தபோதிலும், தன்னைத் தானே காத்துக்கொள்ள அந்தப் பீரங்கியால் இயலவில்லை. ஏறக்குறைய 258 ஆண்டுகள் கழிந்து 2023இல் அது நாடு திரும்பிற்று. அதனை மீட்டதற்கு ஒரு குண்டும் செலவாகவில்லை. பழைய ஆவணங்களை ஆராய்ந்து, இது இன்னாருடையது, இவ்வாறு எடுக்கப்பட்டது என்று இருநாட்டு அறிஞரும் நிறுவிய உண்மையே அதனை மீட்டுக் கொணர்ந்தது.

2009 வரை நீண்ட போரைக் கண்ட தலைமுறை நம்முடையது. துவக்கின் விலை எதனால் கொடுக்கப்படுகின்றது என்பதை நமக்கு எவரும் புத்தகத்திலிருந்து எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. ஆயினும் நம் பிள்ளைகள் புத்தகத்திலிருந்தே அதனைக் கற்றுக்கொள்வார்களாயின் அதைவிட நற்பேறு வேறில்லை.

அயல்வீட்டுச் சிறுவனின் கதையை இடையில் விட்டுவிட்டேன். அவனுடைய கேள்விக்கு அன்று நான் விடை சொல்லவில்லை. அவன் தாயார் வந்து, ஈரச் சுருள்களை ஒரு தட்டிலே பரப்பி வெயிலில் வைத்தார். பிற்பகலிலே அவற்றுட் சில வெடித்தன; பல வெடிக்கவில்லை. மாலையானதும் அவன் துவக்கைத் திண்ணையில் எறிந்துவிட்டு, வீதியிலே மற்றப் பிள்ளைகளோடு பந்து விளையாடப் போய்விட்டான். அந்தத் துவக்கு இன்னமும் அங்கே துருப்பிடித்துக் கிடக்கின்றது. அதனை அவன் தேடவுமில்லை.